ஏழு நாட்டுப் பூட்டு

கூட்டணி கட்டுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஸ்த்ராஸ்பூர் நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்த வீடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கீழ்வீட்டுக்காரர் லிஃப்ட் திருத்தக் காசு தரமாட்டார், அவர் அதில் ஏறுவதே இல்லையாம். மேல்வீட்டுக்காரி தோட்டத்துக்குத் தரமாட்டாள், அவ்வளவு உயரத்திலிருந்து அது தெரிவதே இல்லையாம். ஒரு கூட்டத்தில் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த கூட்டத்தில் கையை விரிப்பார்கள். இவர்களைக் கட்டி மேய்க்கத்தான் நான் பூட்டை எழுதினேன்.

பூட்டு ஒரு மென்பொருள். எல்லோரும் சேர்ந்து ஒரு நிபந்தனை எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். வைத்ததும் அவரவர் வாக்குரிமையின் மின்சாவியைப் பூட்டிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒப்பந்தத் தவணைக்காலம் முடியும் வரைக்கும் அவர்களுக்காக வாக்களிப்பது பூட்டுத்தான். நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. கோபம் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை பிடித்தாலும் மாற்ற முடியாது. எழுதிய என்னாலும் முடியாது. எல்லாச் சாவிக்காரரும் ஒன்றாகக் கேட்டால்தான் அது திறக்கும்.

என் பெயர் நிரோஷினி திருநாவுக்கரசு. அலுவலகம் மீன்சந்தைத் தெருவில், பாண் சுட்டு விற்கிற ஒரு வெதுப்பகத்துக்கு மேலே. ஒரு மத்தியானம் அந்தப் படியேறி மார்கிட் ஹொல்லவுர் வந்து நின்றபோது, கீழே பாண் வாங்க வந்த ஆள் வழிதவறிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தொலைக்காட்சியில் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. ஆஸ்திரியாவின் 'சொந்த மண்' கட்சித் தலைவி. எங்கள் ஊரில் இருக்கும் கண்டப் பேரவையில் உறுப்பினர். பழைய ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் பதிலாக வந்ததுதான் இந்தப் பேரவை. எல்லா நாட்டுக்கும் சேர்த்துச் சட்டம் போடுகிற இடம். அப்படியொரு பேரவையே கூடாது, ஒவ்வொரு நாடும் தன் வாசலைத் தானே சாத்திக்கொள்ள வேண்டும் என்பது மார்கிட்டின் கொள்கை. அந்தப் பேரவையிலேயே இருந்துகொண்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டு சொல்கிற கொள்கை.

"பேரவையில் ஓர் அணியாக அங்கீகாரம் வேண்டுமென்றால் ஏழு நாட்டு உறுப்பினர்கள் சேர வேண்டும்," என்றார். "எங்களைப் போன்ற கட்சி ஏழு நாட்டில் இருக்கிறது. மொத்தம் நூற்றுமுப்பது பேர். நாங்கள் ஒன்றாக நின்றால் எங்களை மீறி ஒரு சட்டமும் போட முடியாது."

"நிற்க வேண்டியதுதானே."

"நின்றோம். ஒவ்வொரு தடவையும் உடைந்தது. தன் நாடுதான் முதலென்று சொல்கிற ஏழு பேரை ஒரே மேசையில் இருத்திப் பாருங்கள். எங்கள் கட்சி, இத்தாலியில் இருக்கிற ஜெர்மன் மொழிக்காரருக்கு ஆஸ்திரியக் கடவுச்சீட்டு கொடுப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னது. இத்தாலிக்காரர் எழுந்து போய்விட்டார். ஹங்கேரிக்காரரும் ருமேனியாக்காரரும் ஒரு மலைக்காக நூறு வருஷமாக முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் நம்பாமலே சேர்ந்திருக்க ஒரு வழி வேண்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதுதானே என் தொழில். "பெரிய கம்பனிகள் இதைவிட வடிவாகச் செய்து தருமே," என்றேன்.

"அவையெல்லாம் அமெரிக்கக் கம்பனிகள். எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். நீங்கள் இந்த ஊர்."

அவருடைய பக்கத்து ஆட்களில் யாரும் அதுவரைக்கும் என்னை இந்த ஊர் என்று சொன்னதில்லை. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் அண்ணாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணாவின் பெயர் பகீரதன். ஸ்த்ராஸ்பூர் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, என்னைப் படிக்க வைத்தவர். நாலு வருஷத்துக்கு முன் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றைக்கு ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்ததால் களைத்துப் போயிருந்தார். களைப்பு கோபத்தைக் குறைக்கவில்லை.

"உனக்கென்ன விசரே? அவங்கள் எங்களை அனுப்ப வேணும் எண்டு நிக்கிற ஆக்கள்."

"அண்ணா, எனக்கு அவையளும் மாடிவீட்டுச் சனமும் ஒண்டுதான். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத சனம். நான் பூட்டைச் செய்து குடுக்கிறன், அவ்வளவுதான்."

"கட்டடம் அவங்கட. நீ படியில நிக்கிறாய். அதை மறந்திடாதை."

நான் மறக்கவில்லை. ஆனால் படியில் நிற்கிறவளுக்குத்தான் கட்டடம் முழுக்க நடக்கிற கதை கேட்கும் என்று பதில் சொன்னேன். அவர் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

நிபந்தனை எழுதுகிற கூட்டம் பேரவையின் ஆறாம் மாடியில் நடந்தது. ஏழு தலைவர்கள், ஏழு கொடி, ஏழு விதமான தண்ணீர்ப் போத்தல். ஆமாம், தண்ணீர்கூட அவரவர் நாட்டிலிருந்து வந்ததைத்தான் குடித்தார்கள். நான் ஒரு பொதுவான வரி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை வாசிக்கவே விடாமல் இத்தாலியின் ஒரேஸ்தே கல்வானி எழுந்தார். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், பேசும்போது கண் கலங்கிவிடும்.

"இந்த அணி இத்தாலிக்குக் கேடான எதற்கும் வாக்களிக்கக் கூடாது. அதை முதலில் எழுதுங்கள்."

"அப்படியென்றால் ஹங்கேரிக்கும் எழுத வேண்டும்," என்றார் ஹங்கேரிக்காரர்.

ருமேனியாக்காரர் சும்மா இருப்பாரா? அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் தங்கள் தங்கள் நாட்டுக்குக் கேட்டார்கள். ஏழு நாட்டுக்கு ஏழு கவசம். எல்லாவற்றிலும் ஒரே வசனம், நாட்டின் பெயர் மட்டும் வேறு.

"கேடு என்பதைப் பூட்டு எப்படி அளக்கும்?" என்று கேட்டேன். "அதற்குக் கொள்கை விளங்காது. எண்ணிக்கை விளங்கும்."

கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டு நாலு விஷயத்தில் உடன்பட்டார்கள். வேலை, ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், சாப்பாட்டு விலை. ஒரு சட்டம் வந்தால் அடுத்த ஒரு வருஷத்துக்குள் இந்த நாலில் ஏதாவது ஒன்று ஏழு நாட்டில் எந்த நாட்டிலாவது மோசமாகுமா என்று பூட்டு கணக்குப் பார்க்கும். ஆகுமென்றால் நூற்றுமுப்பது வாக்கையும் 'வேண்டாம்' என்று போட்டுவிடும்.

"ஏழு கவசமும் கட்டாயம் வேண்டுமா?" என்று வாய்விட்டே கேட்டேன். "இத்தனை இருந்தால் அசைய இடம் இருக்காது. பொதுவாக ஒன்று போதும்."

"பொது என்ற சொல்லே வேண்டாம்," என்றார் மார்கிட். எல்லோரும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

சரி, காசு கொடுக்கிறவர்கள் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வைத்தார்கள், நூற்றுமுப்பது பேரின் மின்சாவிகளையும் ஒப்படைத்தார்கள், பூட்டைத் திறக்கிற சாவியைத் தலைவருக்கு ஒன்றாக ஏழு பேரும் வைத்துக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷத் தவணைக்கும் பூட்டு விழுந்தது. முதல் வருஷம் நன்றாகவே ஓடியது. சின்னச் சின்னச் சட்டங்கள், மீன்வலை, தேன், ரயில் சமிக்ஞை. அணி உடையவில்லை. பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன, நான் ஆச்சரியப்படவில்லை.

இரண்டாம் வருஷம்தான் மார்கிட் வாசல் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

அந்தச் சட்டத்தின் சாரம் இதுதான். இனி ஒருவரும் வேறு நாட்டுக்கு வேலை செய்யவோ வைத்தியம் பார்க்கவோ கேட்டுக்கேள்வி இல்லாமல் போக முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டில் முதலில் அந்தந்த நாட்டுக் குடிமகனுக்குத்தான். வெளிநாட்டு நோயாளிகள் மாதமுடிவோடு நிறுத்தப்படுவார்கள்.

ஸ்த்ராஸ்பூரில் ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. ட்ராமில் ஏறி ஒரு வசனம் கதைத்து முடிக்கும் முன் நாடு மாறிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேல் என்கிற சின்ன ஊரில்தான் அண்ணாவுக்கு ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இந்தப் பக்கத்தில் தாதிகள் பற்றாக்குறையால் பாதி இயந்திரங்கள் மூடிக் கிடக்கின்றன. இயந்திரத்தோடு ஒரு கதிரை, சாய்ந்து படுக்கிற நாற்காலி, கிடைக்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். ரத்தம் சுத்தம் செய்யாமல் அண்ணாவால் இரண்டு கிழமை, பதினாலு நாள், தாக்குப்பிடிக்க முடியாது. சட்டம் நிறைவேறினால் என் அண்ணா செத்துப்போவார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சட்டத்தின் வரைவு வந்த அன்றே பூட்டில் ஒத்திகை போட்டுப் பார்த்தேன். ஒத்திகை என்றால், வாக்கெடுப்புக்கு முன் பூட்டு என்ன முடிவெடுக்கும் என்று பார்ப்பது. முடிவு வந்ததும் தனியே இருந்து சிரித்தேன். ஏழில் ஐந்து நாட்டில் கவசம் எழும்பி நின்றது. ஹங்கேரியில் வேலை போகிறது. ருமேனியாவில் ஓய்வூதியம் ஆட்டம் காண்கிறது. ஆஸ்திரியாவில் முதியோர் இல்லங்களுக்கு ஆளில்லை. பூட்டின் முடிவு 'வேண்டாம்'. மார்கிட் கொண்டுவந்த சட்டத்தை மார்கிட்டின் நூற்றுமுப்பது வாக்குமே கொல்லப் போகிறது.

அண்ணாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"ஒத்திகை அவங்களுக்கும் தெரியுமே?"

"ஓம். ஏழு பேரும் எப்பவும் பாக்கலாம்."

"அப்ப ஏன் சட்டத்தைத் திரும்ப எடுக்கேல்லை? அவங்கள் என்ன விளங்காத மொக்கரே?"

"மொக்கர்தான் அண்ணா. தங்கட தங்கட கவசத்தை மட்டும்தான் வாசிச்சிருப்பினம். மற்றவன்ர கவசத்தை ஆர் வாசிக்கிறது?"

"நீ அவங்களைக் குறைச்சு மதிக்கிறாய், பிள்ளை."

எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல செய்தி சொன்னால் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வேறு கதைக்குப் போனேன்.

எனக்குத் தெரிய ஒரேயொரு ஆள் ஒத்திகையை வாசித்திருந்தார். ஒரேஸ்தே. வாக்கெடுப்புக்கு முந்தின கிழமை என்னைத் தேடி கேல் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அண்ணா உள்ளே இயந்திரத்தில் இருக்க, நான் கீழே சிற்றுண்டிச்சாலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் பூட்டு எங்களுக்கு எதிராக வாக்களிக்கப் போகிறது," என்றார் உட்காரும் முன்பே.

"நீங்கள் கேட்ட கவசம்தான். நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்."

"தெரியும். பிழை விட்டுவிட்டேன். நாடு என்பது ஒரு வருஷக் கணக்கா? என் ஊரில் பள்ளிக்கூடம் மூடியாயிற்று, தெரியுமா? இளம் பெடியன்கள் எல்லோரும் ம்யூனிக்கில் கட்டடம் கட்டுகிறார்கள். தேவாலயத்தில் மணியடிக்க ஆளில்லை. இந்தச் சட்டம் வந்தால் முதலில் வலிக்கும். இருபது வருஷத்தில் அவர்கள் திரும்பி வந்திருப்பார்கள். கேடு என்பதை ஒரு வருஷத்தில் அளக்காமல் இருபது வருஷத்தில் அளந்தால் பூட்டு 'சரி' என்று சொல்லும். நான் கணக்குப் பார்த்தேன்."

கணக்கு சரிதான். அதை நானும் பார்த்திருந்தேன். அந்த மனிதரிடம் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் சங்கடமாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

"ஏழு சாவியும் வேண்டும்," என்றேன்.

"மற்ற ஆறு பேரிடமும் கேட்டேன். பூட்டில் பிழையிருக்கிறதென்று அதை எழுதினவரே ஒப்புக்கொண்டால் தருவோம், இல்லாவிட்டால் சும்மா விடு என்கிறார்கள்." தலையைக் குனிந்துகொண்டார். "உங்கள் அண்ணாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவருடைய பெயரை நானே சேர்க்கிறேன். அவருடைய கதிரை அவருக்கே இருக்கும். சாகும் வரைக்கும்."

நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அண்ணா இல்லை. ஒத்திகை ஒத்திகைதான், கடைசி நாளில் எண்ணிக்கை கொஞ்சம் நகர்ந்தால், ஒரு நாட்டின் புள்ளிவிவரம் மாறினால், என்ன செய்வேன்? கையில் இருக்கிற விதிவிலக்கு நிச்சயம். யோசித்துச் சொல்கிறேன் என்று மேலே போனேன்.

அந்த அறையில் பன்னிரண்டு கதிரைகள். அண்ணா தலையணையில் சாய்ந்தபடி, பக்கத்துக் கதிரையில் இருந்த மொரோக்கோப் பெண்ணோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். அவருடைய காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினை பேருக்கு விதிவிலக்கு?"

"உங்களுக்கு மட்டும்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இதில எட்டுப் பேர் ஆத்துக்கு எங்கட பக்கத்தில இருந்து வாறவை. அவையளை அனுப்பிப்போட்டு நான் தனிய இருந்து ஆரோட சீட்டு விளையாடுறது?"

"அண்ணா, பகிடி விடாதேங்கோ. ஒத்திகை பிழையாப் போனா நீங்கள் செத்துப்போவியள்."

"உன்ர பூட்டு பிழை விடுமோ?"

"இல்லை."

"அப்ப போய்ச் சொல்லு." சீட்டொன்றைக் கீழே போட்டார். அது அவர் போட வேண்டிய சீட்டில்லை. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

பூட்டில் பிழையில்லை என்று ஒரேஸ்தேயிடம் சொன்னேன். அவர் என்னோடு கைகுலுக்கிவிட்டு, மழைக்கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ட்ராமுக்கு நடந்தார்.

வாக்கெடுப்பு நாளில் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். மார்கிட் அன்றைக்குப் பேசினதைப் போல ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. நமது கட்டில்கள் நமது நோயாளிகளுக்கு, நமது வேலை நமது பிள்ளைகளுக்கு. ஏழு நாட்டுக்காரரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் கண்ணைத் துடைத்தார். பேசி முடித்து மார்கிட் உட்கார, பெரிய திரையில் வாக்குகள் விழத் தொடங்கின. மற்ற அணிகள் பிரிந்து பிரிந்து விழுந்தன. கடைசியில் பூட்டு தன் நூற்றுமுப்பதையும் ஒரே மூச்சில் போட்டது. எல்லாமே சிவப்பு. சட்டம் தோற்றது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடக்கினேன். ஏழு பேரையும் அவர்களுடைய அவநம்பிக்கையாலேயே கட்டிப்போட்டு விட்டேன், என் அண்ணா இருப்பார், அவ்வளவுதான் மனதில் ஓடியது.

மார்கிட் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். அவருடைய குரலில் பதற்றம் இல்லை.

"நண்பர்களே, எங்கள் வாக்குகள் திருடப்பட்டுவிட்டன. ஒரு இயந்திரம் எங்கள் கையிலிருந்து அவற்றைப் பிடுங்கி நம் மக்களுக்கு எதிராகப் போட்டிருக்கிறது. அந்த இயந்திரத்தைச் செய்தவரின் பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிரோஷினி திருநாவுக்கரசு."

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆசிரியர்கள், வங்கிக்காரர், நகரசபை, ஒருவர்கூட என் முழுப் பெயரைத் தடக்காமல் சொன்னதில்லை. மார்கிட் ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார். எங்கேயோ உட்கார்ந்து பயிற்சி எடுத்திருக்கிறார்.

காவலர்கள் என்னைப் பின்வழியால் கூட்டிப்போய் ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மார்கிட் தனியாக வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஆளைப் போல.

"உங்கள் அண்ணாவின் கதிரை பத்திரம்," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓராளை வேலைக்கு எடுக்கும் முன் விசாரிப்போம்தானே. பூட்டைத் திறக்க எந்த விலைக்கும் சம்மதிக்காத ஓராள் எங்களுக்குத் தேவைப்பட்டார்."

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நீங்கள் தொடக்கத்திலேயே ஒத்திகையைப் பார்த்திருந்தீர்கள்."

"ஒரேஸ்தேக்கு முன்பே. ஆறு பேருமே. ஏழு கவசத்தையும் நாங்கள் சும்மா கேட்கவில்லை, மேடம். என் அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவரைக் குளிப்பாட்டுகிற பெண் ஸ்லோவாக்கியாவிலிருந்து வருகிறாள். வாசல் சட்டம் வந்தால் மறுகிழமை என் அம்மாவைக் குளிப்பாட்ட ஆளில்லை. ஹங்கேரிக்காரரின் தொகுதியில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறார்கள். எங்களில் எவருக்குமே அந்தச் சட்டம் வேண்டாம்."

"பிறகு ஏன் கொண்டுவந்தீர்கள்?"

"கொண்டுவருவோம் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டோம். கொண்டுவந்தோம். எழுந்து நின்று கைதட்டினோம். தோற்றது எங்கள் பிழையில்லை."

"ஒரேஸ்தே?"

"அவர் நம்புகிறவர். எங்களில் ஒருவராவது நம்பினால்தான் மற்றவர்கள் சொல்வது எடுபடும்."

"எல்லாம் சரி, ஏன் என் பெயர்?" என் குரல் உடைந்தது. அதை மறைக்க நான் முயலவில்லை.

"தோல்விக்கு ஒரு முகம் வேண்டும். கம்பனியைச் சொன்னால் சனம் ஒரு கிழமையில் மறந்துவிடும். உங்கள் பெயரை மறக்க மாட்டார்கள்." அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த இரக்கத்துக்காகவே கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். "நீங்கள் உண்மையை வெளியே சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன். நீங்கள் பேசப் பேச எங்களுக்கு வாக்குக் கூடும்."

படியில் நிற்கிறாய் என்று அண்ணா சொன்னது சரிதான். என்னை அந்தப் படியில் நிறுத்தியதே இவர்கள்தான். ஆனால் கூட்டணி கட்டுவது என் தொழில். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டபோது கணக்கு தானாகவே மனதில் வந்து நின்றது.

"தவணை முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது," என்றேன். "நாளைக்கு உங்களுக்கு உண்மையாகவே ஒரு சட்டம் தேவைப்படலாம். அப்போது ஏழு கவசமும் எழும்பி நிற்கும். பூட்டைத் திறக்க ஏழு சாவியும் வேண்டும். ஒரேஸ்தே இனி உங்களுக்குத் தன் சாவியைத் தருவாரா?"

மார்கிட் காலணியைத் தேடி நீட்டிய கால் அப்படியே நின்றது.

"நான் இப்போது அவரிடம்தான் போகிறேன். நீங்கள் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லப் போகிறேன். சனம் என்னை நம்பாது. அவர் நம்புவார். மூன்று வருஷத்துக்கு உங்கள் நூற்றுமுப்பது வாக்கும் என் அண்ணாவுக்குக் காவல், மேடம். நீங்கள் மேடையில் என்னவும் பேசுங்கள்."

ஒரேஸ்தே அன்றைக்கு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தன் சாவி இனி அவர்களுக்கு இல்லை என்றார். நான் வென்றேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வென்றவளின் வீட்டுக் கதவில் யாரோ முட்டை அடித்திருந்தார்கள். என் கட்டடச் சங்கங்களில் பாதி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. கீழே வெதுப்பகக்காரி காசை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள்.

அதற்கடுத்த முறை அண்ணாவைத் தனியே ட்ராமில் விட மனமில்லாமல் நானும் கேலுக்குக் கூடப் போனேன். பன்னிரண்டு கதிரையிலும் ஆட்கள் இருந்தார்கள். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. செய்தியில் என் படம் வந்தது, கீழே கொட்டை எழுத்தில் பெயர். தாதி பதறிப்போய் அணைக்கப் போனாள்.

"அணைக்க வேண்டாம்," என்றார் அண்ணா ஜெர்மன் மொழியில். "சத்தத்தைக் கூட்டுங்கள். அது என் தங்கச்சி."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யன்னலோரக் கதிரையில் கெல்லர் என்கிற அல்சாஸ்காரர் படுத்திருந்தார். ஆற்றுக்கு எங்கள் பக்கத்து ஆள், எழுபது வயதுக்கு மேல். கொழுவியில் தொங்கிய அவருடைய கோட்டில், ஏழு கட்சியில் ஒன்றின் சின்னம் குத்தியிருந்தது. அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவள் திருடி என்கிறார்கள்," என்றார் பொதுவாக, ஒருவரையும் குறிக்காமல்.

"ஓம், முஸ்யே கெல்லர்," என்றார் அண்ணா. "அவள் உங்களுக்காகத் திருடினது நீங்கள் படுத்திருக்கிற கதிரையை."

கெல்லர் தன் கையில் செருகியிருந்த இரண்டு குழாயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தம் வெளியே போய் வரும்போது உடம்பு குளிரும்; அவருடைய போர்வை நழுவி நிலத்தில் கிடந்தது, குழாய் குத்தியிருந்ததால் குனிந்து எடுக்க அவரால் முடியவில்லை. நான் எழுந்து போய் அதை எடுத்து, நெஞ்சு வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டேன்.

"மெர்சி," என்று நன்றி சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த தேர்தலிலும் அவர் அவர்களுக்குத்தான் வாக்களிப்பார். எனக்குத் தெரியும். போர்வையின் ஓரத்தை அவருடைய காலுக்குக் கீழே செருகிவிட்டு வந்து அண்ணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.